தீவு காலேஜ்ல படிச்ச அப்பா: காரிய நோட்டீஸ்ல போடலாமா, வேணாமா?

யூனிட்5_சாட்ஸ்வொர்த் | வெள்ளி, இரவு

எல்லாருக்கும் வணக்கம். மொதல்லயே சொல்லிடறேன், என் தமிழ் பாதி ஞாயித்துக்கிழமை கோயில் கிளாஸ்ல கத்துக்கிட்டது, மீதி வீட்டுக்காரிகிட்ட திட்டு வாங்கி கத்துக்கிட்டது (அவ திருச்சிப் பொண்ணு). தப்பு இருந்தா கண்டுக்காம போயிடுங்க.

அப்பா தவறி ஒம்போது நாள் ஆச்சு. அடுத்த வாரம் பதினாறாம் நாள் காரியம். இங்க தென்னாப்பிரிக்கால, டர்பன்ல, காரியத்துக்கு வர்றவங்களுக்கு மடிச்ச பேப்பர் ஒண்ணு குடுப்போம், முன்னாடி படம், உள்ள பொறப்பு படிப்பு வேலை புள்ளகுட்டி, பின்பக்கம் ஒரு தேவாரம். அத எழுத உக்காந்தப்ப தான் பிரச்னையே. "1964 - 66, சாலிஸ்பரி தீவு இந்தியர் காலேஜ், பி.ஏ." னு ஒரு வரி போட்டேன். சித்தப்பா படிச்சு பாத்துட்டு அந்த வரிய எடுத்துடுன்னார். ஏன்னு கேட்டா, அது அபார்தைட்காரன் (நிறவெறி அரசு) நமக்குன்னு கட்டுன கூண்டு, அதுக்குள்ள போய் உக்காந்து படிச்சத கோயில் மண்டபத்துல அச்சடிச்சு குடுக்கணுமாங்கறார். ரெண்டு பேரும் மேகசின் பேரக்ஸ்ல (கார்ப்பரேஷன் கூலிங்க குடியிருப்பு) ஒரே ரூம்ல பொறந்து வளந்தவங்க, தாத்தா கார்ப்பரேஷன்ல ரோடு கூட்டற வேலை. அப்பா படிச்சு வாத்தியார் ஆனார், சித்தப்பா சின்ன வயசுலயே ஃபேக்டரிக்கு போயிட்டார். இதப்பத்தி அப்பா உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்தை பேசுனதில்ல, இவரும் கேட்டதில்ல.

இன்னொரு விஷயம். பீரோவுல துணிக்கு அடில ஒரு டை, நியூஸ்பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தார். கூடவே ஒரு படம், படகு மேல அஞ்சு பசங்க, எல்லாரும் கோட்டு டை, தலைமுடி காத்துல பறக்குது. பின்னாடி பென்சில்ல தமிழ்ல எழுதியிருக்கு. அப்பாவுக்கு தமிழ் எழுத வரும்னே எனக்கு தெரியாது!! "1965" தெளிவா இருக்கு, அதுக்கு மேல "பேர" னு ஆரம்பிச்சு ஒரு வார்த்தை அழிஞ்சு போயிருக்கு, அப்புறம் "பசங்க". பேரப்பசங்கன்னு படிச்சேன், ஆனா அந்த வயசுல யாருக்கு பேரப்பசங்க?

அந்த தீவுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


சிதம்பரத்தான் | வெள்ளி, இரவு

ஆழ்ந்த இரங்கல் நண்பரே. நான் இந்த ஊருக்கு 2012ல வேலைக்கு வந்தவன், ஹார்பர் பக்கம் தினமும் காரை ஓட்டிட்டு போறேன், அங்க அப்படி ஒரு காலேஜ் இருந்ததா சத்தியமா தெரியாது. தீவே இல்லையே அங்க? யாராவது கொஞ்சம் விவரமா எழுதுங்களேன்.


ஃபெர்ரி_64 | சனி, காலை

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. நானும் 64ல தான் சேந்தேன். இப்ப வயசு 79. அப்பா பேர இங்க போட வேணாம், போட்டாலும் அறுபது வருஷத்துக்கு அப்புறம் எனக்கு முகம் வருமோ என்னமோ, கிளாஸ்ல ஒம்போது நாயுடு, ஏழு கவுண்டர் (இங்க கிளார்க்கு காதுல விழுந்தபடி எழுதி எழுதி அது கோவெண்டர் ஆயிடுச்சு, உங்க ஊர்க்காரங்களுக்கு சொல்றேன் சிதம்பரம் சார்), வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப எந்த கோவெண்டர் எழுந்திருக்கறதுன்னே தெரியாது.

தீவு இருந்துச்சு சார். டர்பன் வளைகுடாவுக்குள்ள, பிளஃப் பக்கம். இப்ப கரையோட சேத்துட்டாங்க, நேவிகிட்ட இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல நேவிக்குன்னு கட்டுன கட்டடங்க தான் எங்க கிளாஸ்ரூம். 1959ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, பேரு "யுனிவர்சிட்டி கல்வி விரிவாக்க சட்டம்". விரிவாக்கம்! பேர மட்டும் படிச்சா மாலை போடலாம். வெள்ளக்காரன் யுனிவர்சிட்டிக்கு மத்தவன் போகணும்னா மினிஸ்டர் பெர்மிட் வேணும், அவனவனுக்கு தனித்தனி காலேஜ், ஸூலுக்காரங்களுக்கு ங்கோயே, வடக்க டர்ஃப்லூப், கலர்டுக்கு (கலப்பினத்தவங்க) வெஸ்டர்ன் கேப், நமக்கு தீவு. 1961ல தொறந்தாங்க.

காலைல எஸ்பிளனேட்ல நின்னு ஃபெர்ரி ஏறணும். ஆம்பளப் பசங்க கோட்டு டை போட்டே ஆகணும்னு ரூல். டர்பன் பிப்ரவரி எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், சட்டை முதுகுல ஒட்டிக்கும், அதுக்கு மேல கோட்டு. எங்க வீட்டுல எனக்கும் அண்ணனுக்கும் சேத்து ஒரே கோட்டு தான், நல்லவேளை அவன் வேலைக்கு போன எடத்துல கோட்டு கேக்கல. ஃபெர்ரில தண்ணி தெறிச்சு நனைஞ்சா மறுநாள் ஈர வாசனையோடயே போட்டுக்குவேன். பாடம் நடக்கும் போது கப்பல் ஹாரன் அடிக்கும், ஒரு வாத்தியார் ஹாரன் முடியற வரைக்கும் சாக்பீஸ தூக்கி புடிச்சுக்கிட்டு அசையாம நிப்பார், எங்களுக்கு சிரிப்பு தாங்காது.

ரெக்டர்ல இருந்து பாதிக்கு மேல ஆஃப்ரிகானர் ஆளுங்க. இங்கத்த இண்டியன் காங்கிரஸ் கட்சிக்காரங்க போகாதீங்கன்னு சொன்னாங்க, அதனால அறுபதுகள்ல ஆளு ரொம்ப கம்மி. போன நாங்களும் ஒண்ணு மட்டும் செஞ்சோம், மாணவர் மன்றம் வெச்சுக்கோங்கன்னு நிர்வாகம் கேட்டப்ப மாட்டோம்னுட்டோம். மன்றம் வெச்சா இது நிஜ யுனிவர்சிட்டின்னு நாமளே கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும்ல. படிக்க வந்திருக்கோம், ஒத்துக்க வரல. அவ்வளவுதான்.

நோட்டீஸ்ல போடுறதா வேணாமான்னு கேட்டா, நான் போடுவேன்.


யூனிசா_மகன் | சனி, மதியம்

//படிக்க வந்திருக்கோம், ஒத்துக்க வரல//

அங்கிள் உங்க வயசுக்கு மரியாதை குடுத்தே கேக்கறேன், கேக்க நல்லா இருக்கு ஆனா டிகிரிய வாங்கிக்கிட்டீங்கல்ல? எங்கப்பாவுக்கு மெட்ரிக்ல நல்ல மார்க். தீவுக்கு போகமாட்டேன்னு துணி ஃபேக்டரில கட்டிங் டேபிள்ல நின்னார். ராத்திரி கிச்சன்ல எல்லாரும் படுத்தப்புறம் யூனிசா யுனிவர்சிட்டி தபால் பாடம். பி.ஏ. முடிக்க ஒம்போது வருஷம். அசைன்மெண்ட் கவருக்கு ஸ்டாம்ப் வாங்க பஸ்ஸுக்கு பதிலா நடந்து போவாராம், அம்மா இன்னிக்கும் சொல்லும். போனவங்க மூணு வருஷத்துல முடிச்சு டீச்சர், அப்புறம் ஹெட்மாஸ்டர், இந்தியன் அஃபேர்ஸ் டிபார்ட்மெண்ட் சம்பளம், வீடு கார். போகாதவன் கதைய எந்த நோட்டீஸ்லயும் நான் பாத்ததில்ல. "1964 - 66 போக மறுத்தார்"னு யாராவது அடிச்சிருக்கீங்களா? சித்தப்பா சொல்றது எனக்கு புரியுது.

OP (இழை ஆரம்பிச்சவர்) மன்னிக்கணும், துக்க வீட்டுல இப்படி பேசக்கூடாது. ஆனா கேட்டீங்க, சொன்னேன்.


யூனிட்5_சாட்ஸ்வொர்த் | சனி, மதியம்

இல்லண்ணா, சொல்லுங்க. இதுக்குத் தான் கேட்டேன். வீட்டுல யாரும் பேச மாட்டேங்கறாங்க.


ஃபெர்ரி_64 | சனி, மாலை

யூனிசா மகனுக்கு. உங்கப்பா செஞ்சது என்னால முடியாம போனது. அத நான் எந்த மேடையிலயும் ஒத்துக்குவேன்.

ஆனா ஒரு கணக்கு தப்பா இருக்கு. தீவுக்கு முன்னாடி நாம என்னமோ வெள்ளக்காரன் பக்கத்துல உக்காந்து படிச்ச மாதிரியும் தீவு வந்து பிரிச்ச மாதிரியும் பேசறாங்க. விட்ஸ் யுனிவர்சிட்டிலயும் கேப்டவுன் யுனிவர்சிட்டிலயும் சேந்து உக்காரலாம். இங்க நேட்டால் யுனிவர்சிட்டில கிடையாது. ஹவர்ட் காலேஜ் மலை மேல அவங்களுக்கு பகல்ல கிளாஸ், நம்மளுக்கு 1936ல இருந்து கீழ டவுன்ல சாஸ்திரி காலேஜ் கட்டடத்துல, ஸ்கூல் பசங்க வீட்டுக்கு போனப்புறம், பகல்ல வேலை செஞ்ச களைப்போட. மேபல் பால்மர்னு ஒரு வெள்ளக்கார அம்மா விடாப்பிடியா நின்னு அத நடத்துனாங்க, அவங்க இல்லன்னா அதுவும் இல்ல. 51ல மெடிக்கல் ஸ்கூல் தொறந்தப்பவும் வெள்ளையர் இல்லாதவங்களுக்குன்னு தனியா தான். ஆக பிரிவினைங்கறது 61ல மொளைச்சதில்ல. தீவுல செஞ்சது என்னன்னா, அதுக்கு சுத்தி தண்ணி விட்டாங்க.


சிதம்பரத்தான் | சனி, மாலை

ஐயா ஒரு நிமிஷம், சாஸ்திரி காலேஜ்னா எந்த சாஸ்திரி? வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியா?? நான் படிச்சது அண்ணாமலை யுனிவர்சிட்டி, அங்க 1935ல இருந்து 40 வரைக்கும் துணைவேந்தரா இருந்தவர் அவர்!


ஃபெர்ரி_64 | சனி, மாலை

அவரே தான். 1927ல இந்தியா சர்க்கார் ஏஜெண்டா இங்க வந்தார், பேச்சுல மன்னன், வெள்ளக்காரனே கூட்டம் கூட்டமா வந்து அவர் இங்கிலீஷ கேப்பான். இங்க நம்ம புள்ளைங்களுக்கு ஒழுங்கா ஒரு ஹைஸ்கூலும் வாத்தியார் டிரெய்னிங்கும் வேணும்னு நம்ம ஆளுங்ககிட்டயே வசூல் பண்ணி கட்ட வெச்சார். 1929ல தொறந்தது. உங்க அண்ணாமலையும் 29 தானே.


சிதம்பரத்தான் | சனி, மாலை

ஆமா ஐயா 1929. புல்லரிக்குது. நாலு வருஷம் அங்க படிச்சேன், யாரும் இத சொல்லல. இங்க பத்து வருஷத்துக்கு மேல இருக்கேன், இங்கயும் யாரும் சொல்லல.


கேட்டோமேனர்_பேத்தி | சனி, இரவு

அண்ணா உங்களுக்கும் குடும்பத்துக்கும் என் ஆறுதல்.

எல்லாரும் யாரு கட்டுனா யாரு கட்டுனான்னே பேசறதால ஒண்ணு சொல்றேன். எங்கம்மா தையல் படிச்சது எம்.எல். சுல்தான்ல. அந்த சுல்தான் யாரு? 1890ல கொல்லத்துல இருந்து ஒப்பந்தக் கூலியா வந்தவர், ரயில்வேல மூட்டை தூக்கி, அப்புறம் வாழைத் தோட்டம் போட்டு சம்பாதிச்சவர். 1941ல 12,500 பவுண்டு எடுத்து வெச்சார், டெக்னிக்கல் காலேஜுக்குன்னு. 56ல கட்டடம் தொறந்தாங்க, இப்ப அது டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜிக்குள்ள போயிடுச்சு. சாஸ்திரி காலேஜும் நம்ம காசு. ஊருல இருந்த முக்காவாசி இந்தியன் ஸ்கூலும் கோயிலும் மசூதியும் கமிட்டி போட்டு கல்லு சுமந்து கட்டி, அதுக்கப்புறம் தான் சர்க்கார் வாத்தியார் சம்பளம் குடுத்தான். அப்பவும் பெஞ்சு பத்தாது, காலைல ஒரு செட்டு மதியம் ஒரு செட்டுன்னு ஷிஃப்டு போட்டு பள்ளிக்கூடம் நடத்துன காலம் அது. அப்படி தானா கட்டிக்கிட்ட ஜனத்துகிட்ட, இந்தா உனக்கு நான் கட்டுன காலேஜுன்னு தீவ நீட்டுனா கோவம் வராதா? வரும். சித்தப்பாவோட கோவம் அங்க இருந்து வருதுன்னு தான் நான் நெனைக்கறேன். படிச்சதுக்கு இல்ல.

நான் 93ல வெஸ்ட்வில்ல சேந்தேன். தீவு காலேஜுக்கு 71ல யுனிவர்சிட்டி அந்தஸ்து குடுத்து, 72ல வெஸ்ட்வில் மலைக்கு மாத்திட்டாங்க. டர்பன்-வெஸ்ட்வில், சுருக்கமா யூடிடபிள்யூ. 84ல எல்லா இனத்துக்கும் தொறந்துட்டாங்க, நான் போறப்ப கேம்பஸ்ல ஸூலு பாட்டும் டோயி-டோயியும் (போராட்ட ஆட்டம்) தான், நான் வெஜ் பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துனது) வாங்கிட்டு படிக்கட்டுல உக்காந்து வேடிக்க பாப்பேன். அந்த படிக்கட்ட ஏறுனவங்களுக்கு தெரியும், பஸ் ஸ்டாப்புல இருந்து லெக்சர் ஹாலுக்கு போறதுக்குள்ள காவடி எடுத்த மாதிரி மூச்சு வாங்கும்.

அங்க நான் தமிழ் எடுத்தேன். ஆமா, தமிழ் சொல்லிக்குடுத்தாங்க! தீவு காலத்துல இருந்தே இந்திய மொழிங்க இருந்துச்சு. எங்க கிளாஸ்ல அஞ்சு பேரு. என் கஸின் கேட்டா, "தமிழ் படிச்சு என்ன வேலைக்கு போவ?" அவ அக்கவுண்டிங். 2004 ஜனவரில நேட்டால் யுனிவர்சிட்டியையும் எங்களையும் சேத்து குவாஸுலு-நேட்டால் யுனிவர்சிட்டி ஆக்குனாங்க. தமிழுக்கு டிபார்ட்மெண்ட்னு இப்ப அங்க ஒண்ணும் இல்ல. அபார்தைட்காரன் நம்ம பிரிச்சு வெக்கறதுக்காக ஒரு யுனிவர்சிட்டி கட்டி, பிரிச்சது நியாயம்னு காட்டறதுக்காக அதுல தமிழையும் வெச்சான். விடுதலை வந்துச்சு, தமிழ் போச்சு. இத வெளிய சொன்னா அபார்தைட்ட புகழ்ற மாதிரி ஆயிடும்னு நான் வாய மூடிட்டு இருக்கேன். இங்க சொல்றேன்.


யூனிசா_மகன் | ஞாயிறு, காலை

அக்கா கடைசி பாரா ஒத்துக்கறேன், ஒத்துக்கவும் மாட்டேன். தமிழ டிபார்ட்மெண்ட் மூடி யாரும் கொல்லல. அஞ்சு பேரு இருந்த கிளாஸ் தானே அது. அதுக்கு முன்னாடியே வீட்டுல செத்துடுச்சு. எங்க ஆயா தமிழ்ல கேப்பாங்க, அம்மா இங்கிலீஷ்ல பதில் சொல்லும், நான் நடுவுல டிவி பாப்பேன். கேட்டோ மேனர்லயும் பேரக்ஸ்லயும் பக்கத்து பக்கத்துல இருந்த வரைக்கும் தமிழ் தெருவுல ஓடுச்சு, குரூப் ஏரியாஸ் சட்டத்துல (இனத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச சட்டம்) தூக்கி சாட்ஸ்வொர்த்துல நம்பர் போட்ட யூனிட்டுல எறிஞ்சதும் ஒரு பக்கம் இந்திக்காரங்க ஒரு பக்கம் தெலுங்குக்காரங்க, பசங்க எல்லாத்துக்கும் பொதுவா இங்கிலீஷ். நான் தமிழ் எழுத கத்துக்கிட்டதே 40 வயசுல, யூட்யூப் பாத்து.


ஃபெர்ரி_64 | ஞாயிறு, காலை

அதுல எங்க பங்கும் இருக்கு. வாத்தியாருங்க நாங்க தான் பெத்தவங்கள கூப்பிட்டு, வீட்டுல இங்கிலீஷ் பேசுங்க அப்பதான் புள்ள பாஸாகும்னு சொன்னோம். நான் சொல்லியிருக்கேன். ஒரு தடவ இல்ல.


வெஸ்ட்வில்_ரெண்டாம்_வருஷம் | ஞாயிறு, மதியம்

ஹாய், நான் இப்ப அந்த கேம்பஸ்ல தான் படிக்கறேன், எங்க அப்பா அம்மா கோயம்புத்தூர்ல இருந்து வந்தவங்க. நீங்க பேசறது எல்லாம் எனக்கு புதுசு, யூடிடபிள்யூன்னு பழைய போர்டு ஒண்ண பாத்து ஏதோ கம்பெனின்னு நெனச்சேன் (சிரிக்காதீங்க).

எங்களுக்கு ஸூலு மாடியூல் கட்டாயம், 2014ல இருந்து எல்லா டிகிரிக்கும், அதுல பாஸாகாம டிகிரி கிடையாது. எனக்கு அது புடிச்சிருக்கு, டாக்ஸில ஏறுனா டிரைவர்கிட்ட ஸூலுல பேசுவேன், அவருக்கு ஒரே குஷி. ஆனா என் கிளாஸ்ல இருக்கற பிள்ளை மூட்லி நாயக்கர் எல்லாரும் என்கிட்ட வந்து "அந்த தேவாரத்துக்கு என்ன அர்த்தம்"னு கேப்பாங்க, இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சு மனப்பாடமா அழகா பாடுவாங்க, அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் தெரியும், பாட வராது :)

அப்புறம் அந்த அண்ணாவுக்கு, எங்க கேம்பஸ்ல காந்தி-லுத்துலி டாக்குமெண்டேஷன் செண்டர் இருக்கு, இந்தியர்கள் பத்தி பழைய பேப்பர் படம் எல்லாம் வெச்சிருக்காங்க. அந்த படத்த அவங்க கிட்ட காட்டுங்களேன்.


மோக்கா_அக்கா | ஞாயிறு, மாலை

மொரீஷியஸ்ல இருந்து எட்டிப் பாக்கறேன். எங்க ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட் 1970ல இந்தியாவும் மொரீஷியஸும் சேந்து வெச்சது, அங்க தமிழ் டிகிரி வரைக்கும் போகலாம், நானும் அங்க தான் படிச்சேன். ரூபா நோட்டுலயே தமிழ் இருக்கு. ஆனா வெளிய வந்தா நாங்க பேசறது கிரியோல் தான். டிபார்ட்மெண்ட் இருந்தா மொழி இருக்கும்னு நெனைக்காதீங்கப்பா, எங்கள பாருங்க.


சிதம்பரத்தான் | ஞாயிறு, மாலை

இந்த ஊரு அரசியல் சட்டத்துலயே தமிழ் பேரு இருக்கு, தெரியுமா? 6வது பிரிவு, வளக்கணும் மதிக்கணும்னு போட்டிருக்கற மொழிங்கள்ல தமிழும் ஒண்ணு. நம்மள மதிச்சு இப்படி எழுதி வெச்சிருக்கான் பாருங்க.


யூனிசா_மகன் | ஞாயிறு, மாலை

பக்கத்துலயே தெலுங்குக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் தப்பா அடிச்சிருக்கான், அதையும் பாருங்க. எழுதி வெக்கறது ஈஸி சார்.


நடத்துநர் | ஞாயிறு, இரவு

சட்டம் மொழி எல்லாத்துக்கும் தனி இழை ஆரம்பிச்சுக்கோங்க ப்ளீஸ். இங்க ஒருத்தர் அப்பாவோட காரியத்துக்கு ஒரு வரி கேட்டு வந்திருக்கார்.


ஃபெர்ரி_64 | ஞாயிறு, இரவு

சரியா சொன்னீங்க. தம்பி, ராத்திரி படுத்தப்ப தான் உறைச்சுது. "பேர" னு ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்கல்ல. உங்க அப்பா எங்க பொறந்தார்னு நீங்களே மொதல் பதிவுல எழுதியிருக்கீங்க. அது பேரப்பசங்க இல்ல தம்பி. பேரக்ஸ் பசங்க.

மேகசின் பேரக்ஸ்ல இருந்து வந்தவங்கள கிளாஸ்ல அப்படித்தான் கூப்பிடுவோம். சோம்ட்சூ ரோடுல இருந்து எஸ்பிளனேடுக்கு நடந்தே வருவாங்க, பஸ் காசு மிச்சம். கார்ப்பரேஷன் கூலி வீட்டுப் புள்ளைங்க, பெரும்பாலும் தமிழ், அதனால அவங்களுக்குள்ள பேச்சு தமிழ்ல தான். எங்கள விட நல்லா பேசுவாங்க. அப்பா தமிழ்ல எழுதுனதுல ஆச்சரியமே இல்ல, பேரக்ஸுக்குள்ளயே சாயங்காலம் தமிழ் பள்ளிக்கூடம் நடக்கும். அவங்கள்ல ஒருத்தன் ஃபெர்ரி இறங்கறப்ப எல்லாம் ஒண்ணு சொல்லுவான், "பேரக்ஸ்ல பொறந்தேன், படிக்கவும் பேரக்ஸுக்கே அனுப்பிட்டானுங்க." நேவி பேரக்ஸ் தானே காலேஜு. மொதல் தடவ சிரிச்சோம். அவன் உங்க அப்பாவான்னு எனக்கு சொல்லத் தெரியல. இருக்கலாம்.


கேட்டோமேனர்_பேத்தி | ஞாயிறு, இரவு

அங்கிள்... அழ வெச்சுட்டீங்க.


யூனிசா_மகன் | திங்கள், காலை

அங்கிள், அந்த தீவுல இருந்து எல்லாரும் சம்பளம் வாங்கற வாத்தியாரா மட்டும் வரலைங்கறதையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா நியாயமில்ல. ஸ்ட்ரினி மூட்லி அங்க படிச்சவர் தான், ஸ்டீவ் பீகோவோட சேந்து சாசோங்கற கறுப்பின மாணவர் அமைப்ப கட்டி ராபன் தீவு ஜெயிலுக்கு போனார். அதே வழக்குல உள்ள போன சாத்ஸ் கூப்பர், வெளிய வந்து பிற்பாடு டர்பன்-வெஸ்ட்வில்லுக்கு கடைசி துணைவேந்தர். பின்னாடி நிதி மந்திரி ஆன பிரவீன் கோர்தன் 73ல அதே யுனிவர்சிட்டில ஃபார்மசி முடிச்சவர். கூண்டு கட்டுனவன் கணக்கு போட்டது ஒண்ணு, உள்ள வளந்தது வேற. இத எங்கப்பாகிட்ட சொன்னா, "அப்ப நான் மட்டும் ஏன்டா ஒம்போது வருஷம்"னு கேப்பார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த வரிய போடுங்க OP. ஆனா சித்தப்பாவ கேக்காம போடாதீங்க.


யூனிட்5_சாட்ஸ்வொர்த் | செவ்வாய், இரவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா எழுத முடியல, சித்தப்பா வீட்டுல இருந்தேன்.

படத்த எடுத்துட்டு போய் மேஜை மேல வெச்சேன், ஒண்ணும் சொல்லல. கண்ணாடி எடுத்துட்டு வரச்சொன்னார். பாத்தார், பாத்தார். அப்புறம் விரல வெச்சு, "இது அண்ணன்"னார். சரின்னேன். "அந்த கோட்டு என்னது"ன்னார்.

எனக்கு புரியல. அப்புறம் தான் சித்தி கிச்சன்ல இருந்து வந்து சொன்னாங்க. சித்தப்பாவுக்கு அப்ப பதினாறு வயசு. ஃபர்னிச்சர் ஃபேக்டரில சேந்து மொத மூணு வாரக் கூலிய சேத்து கிரே ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கோட்டு வாங்கியிருக்கார், தனக்கு, தீபாவளிக்கு. அப்பாவுக்கு காலேஜ்ல எடம் கிடைச்சதும், கோட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்கன்னு தாத்தா அத எடுத்து அப்பாவுக்கு குடுத்துட்டார். சித்தப்பாவ ஒரு வார்த்தை கேக்கல. அவர் படிப்ப நிறுத்துனதும் அதே வருஷம், ரெண்டு பேருக்கு ஃபீஸ் கட்ட முடியாதுன்னு. அதுக்கப்புறம் கட்சி கூட்டத்துக்கு போக ஆரம்பிச்சார், தீவுக்கு போறவன் எல்லாம் துரோகின்னு அங்க பேசுனாங்க, அவருக்கு அது நல்லா பொருந்திடுச்சு போல (இது சித்தி சொன்னது, நான் இல்ல. அவர் உள்ள டிவி பாத்துட்டு இருந்தார், காது கேக்குமோ கேக்காதோ).

நான் கேட்டேன், அப்ப அந்த வரிய எடுத்துடவா சித்தப்பா? கொஞ்ச நேரம் கழிச்சு, "போடு. கோட்டையும் போடு"ன்னார்.

இப்ப நோட்டீஸ்ல இப்படி இருக்கு, தமிழ் சரியான்னு பாத்து சொல்லுங்க:

"1964 - 66: சாலிஸ்பரி தீவு, பி.ஏ. மேகசின் பேரக்ஸில் இருந்து நடந்து, ஃபெர்ரி ஏறி, தம்பி வாங்கிய கோட்டில்."

வெஸ்ட்வில் தங்கச்சி சொன்ன செண்டருக்கு படத்த காரியம் முடிஞ்சு கொண்டு போறேன். மத்த நாலு பேரு யாருன்னு சித்தப்பாவுக்கு ரெண்டு பேர் தெரியும், எழுதி வெச்சுக்கிட்டேன்.


யூனிசா_மகன் | செவ்வாய், இரவு

தமிழ் சரியா இருக்கு. ஒரு எழுத்த கூட மாத்தாதீங்க.


கேட்டோமேனர்_பேத்தி | செவ்வாய், இரவு

அண்ணா படத்துக்கு பின்னாடி பேர பேனாவுல எழுதிடாதீங்க, மை முன்பக்கம் ஊறிடும். அப்பா மாதிரி பென்சில்ல எழுதுங்க.


ஃபெர்ரி_64 | புதன், காலை

தம்பி, காரியம் எந்த ஹால்ல, எத்தன மணிக்கு? கண்ணு சரியில்ல, நான் இப்ப வண்டி ஓட்டறதில்ல, ஆனா சாட்ஸ்வொர்த்துக்கு டாக்ஸி புடிச்சு வந்துடுவேன். மத்த ரெண்டு முகத்த நான் ஒரு தடவ பாக்கணும்.


யூனிட்5_சாட்ஸ்வொர்த் | புதன், காலை

காலைல பத்து மணி அங்கிள். டாக்ஸி எல்லாம் வேணாம், அட்ரஸ் எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, சித்தப்பாவும் நானும் எட்டரைக்கு வந்து கூட்டிட்டு போறோம். அவரே வர்றேன்னார்.